நாலெழுத்து

காலை நான்கு நாற்பது.
லிம்ஃபியோர் நீர்மேல் இன்னும் இருட்டு.
கொல்கூடத்தின் பின்வாசலில் வேனை நிறுத்துகிறேன்.
காவலாளிக்கு என் பெயர் தெரியாது.
"புழுக்காரி வந்தாச்சு" என்று உள்ளே குரல் கொடுக்கிறான்.

குடல் மேசையில் டோரெல்.
பதினோரு வருடமாக அதே மேசை, அதே வெந்நீர்க் குழாய்.
எனக்கென்று எடுத்து வைத்தவை
தெர்மாஸுக்குள், உப்புநீரில்,
பன்றியின் உடம்புச் சூட்டில் நெளிகின்றன.
முப்பத்தொன்று. இளஞ்சிவப்பு.
"பெரிசு மூணு இருக்கு. எல்லாம் பெண்" என்கிறான்
மீன் விற்பவனைப் போல.

மூடியைத் திறப்பதற்குள்
எனக்குத் தும்மல் வந்துவிடுகிறது.
இந்தத் தொழிலில் பலருக்கும் வருவதுதான்.
ஒன்பது வருடத்தில் என் மூக்கு
இந்தப் புழுவை மனப்பாடம் செய்துவிட்டது.
எந்திரம் இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறது.


நாலெழுத்துப் படித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பார்கள்.
இது நாலே எழுத்துதான் படித்தது.
அந்த நாலையும் மாற்றி மாற்றி
இருபத்தேழு கோடி இடத்தில் எழுதி
தூசியளவு முட்டைக்குள் மடித்து வைத்திருக்கிறது.
கண் இல்லை. கால் இல்லை.
மூன்று உதடு.
குடலுக்குள் வாழ ஒரு குடல்.
மற்றதெல்லாம் கருப்பை:
நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டை,
ஞாயிறு விடுமுறை கிடையாது.

வழியும் அதில்தான் இருக்கிறது.
எங்கே ஓட்டை உடைத்து வெளியேறுவது,
எப்படி ஈரலைத் துளைப்பது
(பால் சிந்தியதுபோல் அங்கே வெள்ளைத் தழும்பு),
நுரையீரல் ஏறி, இருமலோடு தொண்டைக்கு வந்து,
மறுபடி விழுங்கப்பட்டு,
புறப்பட்ட குடலுக்கே போய்ச் சேர்வது எப்படி.
ஏன் இந்த ஊர்சுற்றல் என்று மட்டும் எங்கும் எழுதவில்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.


ஒரு பெண் புழுவை நீளவாக்கில் கீறி
சூலக நூலைத் தனியாக, குடலைத் தனியாகப் பிரித்து
இரண்டையும் வாசிக்கக் கொடுத்தேன்.
ஒரே உடம்பு. இரண்டு படி.
குடலின் படியில் எட்டில் ஒரு பங்கைக் காணோம்.

நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த சங்கதிதான்.
ஆனாலும் என் கைப்பிழை என்றே முதலில் நினைத்தேன்.
பிப்பெட்டை மாற்றினேன், புழுவை மாற்றினேன்.
மறுபடியும் அதே இடத்தில் அதே வெள்ளை.

கரு நாலைந்து செல்லாக இருக்கும்போதே
உடம்பாகப் போகிறவை
ஏட்டைக் கிழித்து எறியத் தொடங்கிவிடுகின்றன.
அடுத்த பிறவிக்குப் போகிற ஒன்றிடம் மட்டும்
அட்டை முதல் அட்டை வரை.


அடுத்த வியாழக்கிழமை டோரெலிடம் சொன்னேன்.
இடைவேளை மணி அடித்திருந்தது.
கறுப்பு ரொட்டியைப் பிரித்தபடி கேட்டான்:
"எறிஞ்சதுல என்ன இருந்தது?"
"பெரும்பாலும் ஒரே வரி, திரும்பத் திரும்ப.
நடுவில் எழுநூறு மரபணு போல.
விந்துக்கும் முட்டைக்கும்தான் அவற்றால் வேலை."
"அப்ப குடலுக்கு வேண்டாம்."
"வேண்டாம்."

கொஞ்ச நேரம் மென்றான்.
"கெட்டிக்காரப் பூச்சி.
வயித்துப்பிழைப்புக்கு வர்றவன்
எல்லாத்தையுமா தூக்கிட்டு வருவான்?"

சிரிக்கவில்லை.
பகாவ் நகரத்திலிருந்து மகள் இலின்கா
அனுப்பிய குரல்செய்தியைக் காதோடு ஒட்டிக் கேட்டான்.
மறுபடி ஓடவிட்டான்.
அவள் சொன்ன ஒரு சொல் பிடிபடவில்லை.
புதுச் சொல்லா இருக்கும், என்றான்,
நாங்க இருந்தப்ப இல்ல.


திரும்பும் வழியில் பக்கத்து இருக்கையில் தெர்மாஸ்.
முப்பத்தொன்பது டிகிரி. சீட் பெல்ட் போட்டிருக்கிறேன் அதற்கு.
மூடி இறுகத்தான் இருக்கிறது.
பாலத்தில் தும்முகிறேன்.
சிவப்பு விளக்கில் தும்முகிறேன், கண்ணில் நீர் வர.
எனக்குள் எதுவோ
வரிவிடாமல் அதை வாசித்துக்கொண்டிருக்கிறது,
என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.